பூச்சி அரிக்காத ஓட்டை

நான் ஒரு தொப்பியைத் திருடியவன். கனடாவின் மொன்றியலில், இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, மரங்கள் இலை கொட்டத் தொடங்கிய நாட்களில் அது நடந்தது. கண்பார்வை மங்கிய ஒரு ஜெர்மன் அம்மாவிடமிருந்து அவருடைய தகப்பனாரின் தொப்பியை எடுத்துக்கொண்டு, அதே மாதிரியான வேறொன்றை அவர் கையில் கொடுத்தேன். அப்போது எனக்கு அறுபது கடந்திருந்தது. பசிக்கொடுமை ஏதும் கிடையாது. மேசை விளக்கைப் போட்டு, மூக்குக்கண்ணாடி மாட்டி, ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்தேன். அந்தத் திருட்டோடு நின்றிருந்தால் ஒருவேளை இதை எழுதியிருக்க மாட்டேன். அதன் பின்னால் அதைவிடப் பெரியதொன்றைச் செய்தேன்.

என்ன தொப்பி என்று கேட்பீர்கள். பழைய ஜெர்மன் சீருடைத் தொப்பிகளைச் சேர்ப்பது என் பழக்கம். தபால்காரர், தீயணைப்புக்காரர், ட்ராம் நடத்துனர், காட்டுக் காவலர், எல்லோருக்கும் மேலாக ரயில்வேக்காரர். பட்டாளத்துத் தொப்பி ஒன்றுகூட என்னிடம் இல்லை. சந்தையில் அதற்குத்தான் ஆள் அதிகம். ஆனால் பட்டாளத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்தவன் பட்டாளத் தொப்பியை அலுமாரியில் வைத்து அழகு பார்ப்பானா?

இலங்கையில் வடபகுதியின் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் நான் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தேன். சண்டை வந்து வேலை போனது. கனடாவுக்கு வருமுன் கொஞ்சக் காலம் ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் கிடந்தேன். வேலை செய்ய அனுமதி கிடையாது. பக்கத்து ரயில் நிலையத்து வாங்கில் போய் உட்கார்ந்து வண்டிகள் வந்து போவதைப் பார்ப்பேன். அங்கே வண்டியை அனுப்பிவைக்கும் அதிகாரி சிவப்புத் தொப்பி போட்டிருப்பார். கையில் பச்சை ஓரம் வைத்த வெள்ளை வட்டப் பலகை. அவர் அதை உயர்த்தினால்தான் வண்டி நகரும். ஒரு நாள் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், நானும் இதே உத்தியோகம் பார்த்தவன்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குதிகால்களைச் சேர்த்து நின்று, தொப்பியின் முன்விளிம்பில் விரலை வைத்து எனக்கு மரியாதை செய்தார். அந்த நாட்டில் என்னை ஒரு மனிதனாக எண்ணி யாராவது நின்றார்கள் என்றால் அது அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர்தான். இந்தப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது.

மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், வருகிறவர்களின் குளிர்கோட்டுகளைத் தொங்கவிடுவதற்கென்று இருந்த அலுமாரி மெல்ல மெல்லத் தொப்பிகளால் நிரம்பியது. என் மனைவிக்கு அது பெரிய குறை.

"இஞ்சாருங்கோ, உங்கட தலையில ஒரு மயிர் இல்லை. அலுமாரி நிறையத் தொப்பி. வாற சனம் கோட்டைக் கழட்டி என்ர தலையிலயோ கொழுவுறது?" என்பாள்.

புவாண்ட்-கிளேரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். அந்தப் பகுதித் தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் பழைய பொருட்களின் விற்பனை நடக்கும். ஒரு முறை அங்கே ஒரு தபால்காரத் தொப்பியைத் திருப்பி, உள்ளே தைத்திருந்த ஜெர்மன் எழுத்துகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் என் உச்சரிப்பைத் திருத்தியது. திரும்பினால் உயரமான, முதுகு வளையாத ஒரு வெள்ளைக்கார அம்மா. எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நான் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவன் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என் அப்பாவும்!" என்றார். அந்த நிமிடத்திலிருந்து எனக்குப் பெயரே இல்லை. ஸ்டேசன் மாஸ்டர்தான். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம், நடுவில் கொஞ்சம் ஜெர்மன் வந்து விழும். அதைத் தமிழாக்கி எழுதுகிறேன்.

அவர் கணவரை இழந்து தனியாக இருந்தார். மகன் குடும்பத்தோடு பக்கத்து நகரமான லவாலில். அவருடைய வீட்டுக்கு முதல் முறை காப்பி குடிக்கப் போனபோது ஒரு வேடிக்கையைக் கண்டேன். நான் புறப்பட எழுந்ததும் அவர் உள்ளே போய்ச் சிவப்புத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு மேசைப்பந்து மட்டை. அதில் வெள்ளை வர்ணம் பூசி, ஓரத்தில் பச்சை வளையம் போட்டிருந்தது. அவர் தகப்பனார் வீட்டிலிருந்து யார் புறப்பட்டாலும் அப்படித்தான் அனுப்பிவைப்பாராம். அவர் காலத்துக்குப் பின் மகள் அதைக் கடல் கடந்து கொண்டுவந்துவிட்டார். மகன் பள்ளிக்கூடம் போனதும், கலியாணம் செய்துகொண்டு போனதும், கணவரின் சவப்பெட்டி போனதும் அந்தத் தொப்பி காட்டிய சைகையில்தான். வலது பக்கம், இடது பக்கம் பார்ப்பார். கதவெல்லாம் சாத்தியாகிவிட்டது என்பதுபோலத் தலையை அசைப்பார். பிறகு மட்டை உயரும்.

அன்று நான் படியிறங்கி நடைபாதையில் நின்றேன். பழக்கதோஷம், சைகை கிடைக்காமல் கால் நகரவில்லை. மட்டை உயர்ந்த பிறகுதான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். அதை அவர் கவனித்திருக்கிறார். அடுத்த முறை போனபோது, "இத்தனை வருடத்தில் ஒழுங்காகக் காத்து நின்றவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார்.

இப்படி மதித்த ஒருவரிடம்தான் திருடினேன்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் தொப்பியை அதன் அட்டைப்பெட்டியோடு என்னிடம் தந்தார். உச்சியில் பூச்சி அரித்திருந்தது. முன்விளிம்பின் தையலும் விட்டிருந்தது. "ஓட்டை என் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு முன் தைத்துத் தந்தால் போதும்" என்றார். என் தொப்பிகளை நானே தைத்துப் பழுதுபார்ப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் அதைக் கண்டேன். தொப்பியின் முன்பட்டையில் ரயில்வேயின் சின்னம், சிறகு வைத்த சக்கரம். அதற்குச் சற்று மேலே, சிவப்புத் துணியில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நுண்ணிய துளைகள். கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது.  யுத்த காலத்தில் அங்கே நாஜி அரசாங்கத்தின் கழுகுச் சின்னம் குத்தியிருந்திருக்கும். யுத்தம் தோற்றதும் கழுகைப் பிடுங்கிவிட்டு, புதுத் தொப்பி கிடைக்கும்வரை பழையதையே போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். புதியது வந்ததும் பெரும்பாலானவற்றை எறிந்துவிட்டார்கள். அப்படியொரு இடைக்காலத் தொப்பியை நான் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இணைய ஏலங்களில் வந்ததெல்லாம் ஆணியால் துளைபோட்ட போலி.

என்னிடம் அதே சிவப்பில், அதே சிறகுச் சக்கரத்தோடு பிற்காலத்துத் தொப்பி ஒன்று இருந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்த அம்மாவுக்கு வேண்டியது தலையில் ஏதோ ஒரு சிவப்பு, அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துளைகள் இருப்பதே அவருக்குத் தெரியாது, அது எங்களைப் போலச் சேர்ப்பவர்களுக்குத்தான் தெரியும். அவருக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் இதைக் குப்பையில் போடுவார்கள், என்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும். திருட நினைப்பவனுக்கு நியாயங்கள் வரிசையில் வந்து நிற்கின்றன.

அவருடைய தொப்பியில் பூச்சி அரித்த இடத்தை அளந்து, என் தொப்பியின் உச்சியில் அதே இடத்தில் கத்தரிக்கோலால் ஓர் ஓட்டை வெட்டினேன். ஓரங்களைப் பூச்சி அரித்ததுபோலப் பிய்த்துவிட்டேன். பிறகு அந்த ஓட்டையை இழையோட்டித் தைத்தேன். அவருடைய பெட்டியில், அவருடைய பூச்சி உருண்டைகளோடு சில நாள் வைத்து வாசம் ஏற்றினேன். என் தொப்பி அளவில் சற்றுப் பெரியது என்பது தெரியும். அவருடைய அடர்ந்த வெள்ளை முடியில் அது தெரியாது என்று நினைத்தேன். அவருடைய தொப்பியையும் அதேபோலத் தைத்து என் அலுமாரியில் வைத்துக்கொண்டேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் தையலைத் தடவிப் பார்த்தார். "நல்ல கை" என்றார். தலை குளித்து ஈரமாக இருந்ததால் போட்டுப் பார்க்காமல் பெட்டியை மூடினார். எனக்காகவே செய்து வைத்திருந்த ஆப்பிள் கேக்கை இரண்டு துண்டு தின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரியில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு சந்தேகம், நீங்கள் வந்துதான் தீர்க்க வேண்டும் என்றார். போனபோது மகன் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே அந்த அம்மா தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது காது வரை இறங்கியிருந்தது.

"ஸ்டேசன் மாஸ்டர், என் தலையைப் பாருங்கள். சின்னதாகிவிட்டதா?"

கிறிஸ்துமஸ் அன்று மகன் குடும்பத்தை வழியனுப்ப வாசலுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார். தொப்பி கழன்று பனியில் விழுந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். "இது என் அப்பாவின் தொப்பி இல்லை" என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு மகன் ஒவ்வொன்றாகக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார். அடுப்பில் மறந்துவிட்ட வெந்நீர்க் கேத்தில், இரண்டாம் முறை சொன்ன அதே கதை, தொலைந்த சாவி. எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் தேடினால் நிறையக் கிடைக்கும். வைத்தியர் ஞாபகசக்தியைச் சோதிக்க ஒரு மணிக்கூடு வரையச் சொன்னாராம். பதற்றத்தில் இவர் முட்களை மாற்றிப் போட்டுவிட்டாராம்.

மகன் கையுறையைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். நல்ல மனிதர். தாயை நினைத்து முகம் வாடியிருந்தது.

"இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவர் நீங்கள்தான். சொல்லுங்கள், இது அதே தொப்பிதானா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப்போவதில்லை என்று அப்போதே தெரிந்தது.

"அதேதான்" என்றேன். "தைக்கும்போது நீராவி காட்டினேன். உள்ளே நெற்றியைச் சுற்றி இருக்கும் தோல்பட்டை பழசு. ஆவி பட்டால் கொஞ்சம் விரியும்."

ஈரத்தில் தோல் கொஞ்சம் விரியும் என்பது உண்மை. அந்தக் கொஞ்ச உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் என் பொய் எழுந்து நின்றது.

அந்த அம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அப்படியானால் நான்தான்" என்றார்.  மகன் எனக்கு நன்றி சொல்லி, தன் காரில் கொண்டுபோய் லாசாலில் இறக்கிவிட்டார். காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. சைகை இல்லாமல் அந்த வீட்டிலிருந்து வண்டி புறப்பட்டதை அன்றுதான் கண்டேன்.

பனி உருகிய பிறகு மறுபடி கூப்பிட்டார். வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை நட்டிருந்தது. லவாலில், மகன் வீட்டுக்குப் பக்கத்தில், முதியோர் இல்லத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறதாம். பல வருடமாக மகன் கேட்டும் முடியாது என்று நின்றவர், இந்த முறை மறுபேச்சில்லாமல் சரி என்றிருக்கிறார்.

"பிள்ளைகளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் ரயில்வேக்காரர் என்பதால்" என்று தொடங்கினார். "யுத்தம் முடிந்த கிழமை, சமையலறை மேசையில் வைத்து அப்பா அந்தத் தொப்பியிலிருந்த கழுகைச் சவர அலகால் நெம்பி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். யாரிடமும் இதைப் பேசாதே என்றார். அத்தனை வருடம் அந்தப் பறவையைத் தலையில் சுமந்து வண்டி அனுப்பியவர் அவர். எந்த வண்டியில் யார் போனார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துணியில் இரண்டு துளை மிஞ்சியது. தொப்பியைப் போடும்போதெல்லாம் விரலால் அதைத் தொட்டுப் பார்ப்பேன். மறக்கக் கூடாது என்பதற்காக."

பெட்டியிலிருந்து தொப்பியை எடுத்து, சக்கரத்துக்கு மேலே விரலை ஓட்டினார்.

"இப்போது துளைகள் இல்லை. தடவித் தடவிப் பார்த்துவிட்டேன். அப்படியென்றால் கழுகும் இல்லை, சவர அலகும் இல்லை, அந்த மேசையும் இல்லை. எல்லாம் என் மூளை செய்தது. அப்படிப்பட்ட மூளையோடு தனியாக இருக்கக் கூடாதல்லவா, ஸ்டேசன் மாஸ்டர்?"

நான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். 

வீட்டுக்கு வந்து, மனைவி தேநீரை முன்னால் வைத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அலுமாரியிலிருந்து அந்தத் தொப்பியை எடுத்துவரச் சொன்னாள். அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். குரல் தணிந்தே வந்தது.

"தொப்பியைக் களவெடுத்தது ஒரு பக்கம் கிடக்கட்டும். நீங்கள் அந்த மனுசியின்ர தலையையெல்லோ களவெடுத்துப்போட்டியள்."

"நாளைக்குக் கொண்டுபோய் வைச்சிட்டு வாறன்" என்றேன்.

"வைச்சிட்டு வாறதோ? வாயைத் திறந்து சொல்லவேணும். விளங்குதோ?"

"ஓம், ஓம்."

"இந்த ஓமை நான் நம்பமாட்டன்" என்றாள். அவள் நம்பாதது சரிதான். எனக்குள் வேறு திட்டம் இருந்தது. சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிட்டால் துளைகள் திரும்ப வந்துவிடும், அளவும் சரியாகிவிடும், என் மானமும் தப்பும். என்னைப் போன்ற படித்த கோழைகளின் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது.

அடுத்த நாள் தொப்பியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசை நிறையப் பெட்டிகள், யாருக்கு எது என்று பிரித்து வைத்திருந்தார். தொப்பிப் பெட்டியும் அங்கே இருந்தது. அவர் காப்பி போடச் சமையலறைக்குப் போனார். நான் மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருடையது பெட்டியில், என்னுடையது என் பையில்.

அவர் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதை மகனிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், எனக்கு இனி என்னத்துக்கு" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். தொப்பியை எடுத்தார். பழக்கத்தில் விரல் சிறகுச் சக்கரத்துக்கு மேலே போனது.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பயம். தொப்பியைச் சூடான பாத்திரத்தைப் போலச் சட்டென்று மேசையில் வைத்தார். பிறகு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"ஸ்டேசன் மாஸ்டர், மகனைக் கூப்பிடுங்கள். எனக்கு முற்றிவிட்டது."

"என்ன ஆயிற்று?"

"நேற்று இல்லாதது இன்று இருக்கிறது. தயவுசெய்து கூப்பிடுங்கள். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். திருடிய கையை. அவர் விரல்கள் குளிர்ந்து போயிருந்தன. அந்தப் பிடியில் என்னால் மேற்கொண்டு ஒரு பொய்யும் யோசிக்க முடியவில்லை. மற்றக் கையால் பைக்குள்ளிருந்த தொப்பியை எடுத்து, அவருடைய தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என்றைக்கும் சரியாகத்தான் இருந்தது. நான் திருடினேன். இப்போதுதான் திரும்ப வைத்தேன்."

அவர் என் கையை விட்டார். இரண்டு தொப்பிகளையும் எடுத்தார். ஒன்றில் துளைகளைத் தொட்டார், மற்றதில் வெறுந்துணியைத் தொட்டார். ஒன்றைப் போட்டார், அது காதுக்கு இறங்கியது. மற்றதைப் போட்டார், அது நெற்றியில் நின்றது. மறுபடி கழற்றி, இரண்டின் உச்சியிலும் என் தையலைத் தடவினார்.

"இந்தப் பெரிய தொப்பியிலும் ஓட்டை இருக்கிறதே? இதையும் பூச்சி அரித்ததா?"

"இல்லை. நான் வெட்டினேன்."

"கத்தரிக்கோலாலா?"

"ஆம்."

"வெட்டிவிட்டு, பிறகு தைத்தீர்களா?"

"ஆம்."

 அவர் தொலைபேசியை என் முன்னால் நகர்த்தி, மகன் வேலை செய்யும் இடத்து இலக்கத்தைச் சொன்னார். ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. "அவனிடம் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். திருடினேன் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்" என்றார்.

சொன்னேன். ஜனவரியில் மகன் என்னிடம் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் சேர்த்தே சொன்னேன். 

தொலைபேசியை வைத்ததும் அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக. பிறகு மேசையில் கையால் தட்டித் தட்டி. "திருடன்! வெறும் திருடன்தான்! கடவுளே, வெறும் திருடன்!" கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். என்னைத் திருடன் என்று கூப்பிட்டு அவ்வளவு ஆனந்தப்பட்ட ஒருவரை நான் கண்டதில்லை. நானும் சிரித்துவிடுவேன் போலிருந்தது. அந்த நேரத்தில் அவர் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போது போங்கள்" என்றார். "உங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்."

படியிறங்கி, பழக்கத்தில் நடைபாதையில் நின்றேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சைகை இல்லை. நடந்தேன்.

அந்த வார இறுதியில் மகன் லாசாலுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலில் நின்றே சொல்ல வேண்டியதைச் சொன்னார். பொலிசுக்குப் போக விரும்பியதையும், தாய் வேண்டாம் என்றதையும் சொன்னார். "அம்மா சொன்னதை நம்பாமல் உங்களை நம்பினேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை" என்று முடித்தார்.  என் மனைவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "நல்ல பிள்ளை. இன்னும் ரெண்டு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

விற்பனைப் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பேருந்தில் அந்தத் தெருவைக் கடந்தபோது கண்டேன். அவ்வளவுதான், இனி அந்த வீட்டுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அந்த வருட டிசம்பரில் தொலைபேசி அடித்தது.

"ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் காப்பி. மனைவியையும் கூட்டி வாருங்கள். பை கொண்டுவர வேண்டாம்."

என் மனைவிக்குச் சொன்னபோது, "பை கொண்டுபோகாட்டிப் போதுமோ? கோட்டுப் பொக்கற்றையும் தைச்சு விடட்டோ?" என்றாள். சேலை உடுத்து, பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டு, தானே சுட்ட முறுக்கோடு வந்தாள்.

அந்த அம்மாவும் என் மனைவியும் அரைகுறை ஆங்கிலத்தில் என்னைப் பற்றி நிறையப் பேசிச் சிரித்தார்கள். எனக்குக் கேக் ஒரு துண்டுதான் கிடைத்தது. வைத்தியர் மறுபடி மணிக்கூடு வரையச் சொன்னதையும், இந்த முறை முட்களைச் சரியாக வைத்து, கூடவே ஒரு ரயில்நிலையத்தையும் வரைந்து கொடுத்ததையும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். தொப்பி திரும்பியதை மகனுக்கு விளங்கப்படுத்தப் போய், கழுகின் கதையையும் சொல்ல வேண்டி வந்துவிட்டதாம். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக விரலை வைத்துப் பார்த்தார்களாம். "அப்பா பேசாதே என்றார். உங்களால் பேச வேண்டியதாயிற்று. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லமாட்டேன்" என்றார். நன்றி சொல்லாத அந்த முகம் தெளிவாக இருந்தது.

தொப்பி எங்கும் கண்ணில் படவில்லை. புறப்பட எழுந்ததும் அவர் உள்ளே போனார். அலுமாரியில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. நான் வருகிறேன் என்றால் அதைப் பூட்டி வைத்திருக்கிறார். பிறகு சிவப்புத் தொப்பியோடும் மட்டையோடும் வாசலுக்கு வந்தார். நாங்கள் நடைபாதையில் நின்றோம். என் மனைவி நகரப் பார்த்தாள்.

"நில்லும். இன்னும் சைகை வரேல்லை" என்றேன்.

வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மட்டையை உயர்த்தினார்.

அதன் பின் அவர் இருந்த வருடங்களில் பலமுறை போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அலுமாரி பூட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் சைகை கிடைக்கும். பூட்டும் எனக்குத்தான், சைகையும் எனக்குத்தான். இரண்டையும் நான் ஏற்றுக்கொண்டேன். அந்தத் தொப்பியை மறுபடி ஒரு நாளும் தொடவில்லை, தொடக் கேட்கவும் இல்லை. தன் வீட்டில், தன் கட்டிலில்தான் அவர் கடைசியாகக் கண் மூடினார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் அவர் வீட்டில் காப்பி குடித்துக் கலைந்தபோது, மகன் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அன்று வாசலில் நின்று பேசிய பிறகு அவர் என்னோடு பேசியதே இல்லை.

"விவரம் தெரிந்தவர் நீங்கள்தான். சொல்லுங்கள், இது அதே தொப்பிதானா?" என்றார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு, கண்ணில் அது இல்லை.

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சக்கரத்துக்கு மேலே உங்கள் விரலை வையுங்கள். இருக்கிறதா?"

"இருக்கிறது."

"இரண்டும்?"

"இரண்டும்."

"அதேதான்" என்றேன்.

அவர் அதைத் தலையில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் இறுக்கம். மட்டையை எடுத்துக்கொண்டு எங்களோடு வாசல் வரை வந்தார்.

இன்றும் என் அலுமாரியில் தொப்பிகள் இருக்கின்றன. கோட்டு தொங்கவிட இடம் இல்லை என்ற முறைப்பாடும் இருக்கிறது. முன்வரிசையில் நான் வைத்திருப்பது உச்சியில் இழையோட்டிய அந்தப் பெரிய சிவப்புத் தொப்பியை. வருகிறவர்கள் தையலைக் கண்டு, "ஐயோ, பூச்சி அரிச்சுப்போட்டுதோ?" என்று கேட்பார்கள். முன்பென்றால் ஓம் என்றிருப்பேன். இப்போது, "பூச்சி இல்லை, நான்தான்" என்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அன்றைய பொழுது எனக்கு நிம்மதியாகப் போகிறது.